வெப்பமண்டலக் கடற்கரைக்கு முதல் பயணம்: செலவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி

முதல் தடவை நான் போனது தாய்லாந்தின் கிராபிக்கு, ஜூன் மாதத்தில். விமான டிக்கெட் மலிவு, அறை பாதி விலை. இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. ஆறு நாளில் நான்கு நாள் கரையில் சிவப்புக் கொடி, அதாவது கடலில் இறங்கக்கூடாது. தீவுகளுக்குப் போகும் படகு இரண்டு முறை ரத்தானது. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தபோது, அது மலிவான பயணமாகத் தெரியவில்லை. அந்த மாதத்தில் அதே நாட்டின் மறுபக்கக் கரையில், கோ சாமூய் தீவில், பெரும்பாலும் வெயில்தான் என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

புதிதாகப் போகிறவர்கள் பலரும் செய்வது இதுதான். முதலில் ஒரு படத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்வார்கள், பிறகு டிக்கெட், பிறகு அறை, கடைசியில் வானிலை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே செலவு கணிசமாகக் குறையும்.

மாதத்தை எழுதிக்கொண்டு கரையைத் தேடுங்கள்

விடுமுறை எப்போது கிடைக்கும் என்பது பெரும்பாலும் நம் கையில் இருப்பதில்லை. அதனால் மாதத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் எந்தக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் என்று அப்புறம் தேடுங்கள். தேடும்போது நாட்டின் பெயரை மட்டும் போட்டால் போதாது, கரையின் பெயரும் வேண்டும். வெப்பமண்டலத்தில் ஒரே நாட்டின் இரண்டு கரைகளுக்கு இரண்டு வெவ்வேறு சீசன் இருப்பது சர்வசாதாரணம். பருவக்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் அலையும் மழையும். மறுபக்கம் கடல் குளம்போல் கிடக்கும்.

இலங்கை இதற்கு நல்ல உதாரணம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹிக்கடுவை, உணவட்டுன, மிரிச பக்கம் கடலைக் கலக்கிவிடும். அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலையும் அறுகம்பையும் நல்ல சீசனில் இருக்கும். நவம்பர் வந்துவிட்டால் நிலைமை அப்படியே மாறிவிடும். தாய்லாந்தில் அந்தமான் கடல் பக்கமுள்ள புக்கெட், கிராபி ஆகியவற்றுக்கு மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். வளைகுடாப் பக்கமுள்ள கோ சாமூய்க்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. மலேசியாவில் கிழக்குக் கரையிலுள்ள பெர்ஹெந்தியான் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் கதவையே சாத்திவிடும். அந்த நேரத்தில் மேற்கே லங்காவியில் கூட்டம் களைகட்டும். வியட்நாமின் டா நாங், ஹோய் ஆன் பகுதிகளுக்குச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஆகாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்றால் தெற்கே ஃபூ குவோக் தீவு இருக்கிறது. பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஆப்பிரிக்கக் கரையோரமுள்ள சான்சிபாருக்கு மார்ச் முதல் மே வரை பெருமழை. கரீபியனில் சூறாவளிப் பருவம் அதிகாரபூர்வமாகவே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதிலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரைதான் உச்சம். ஆனாலும் தெற்கே அரூபா, பொனேர், குராசாவ் ஆகிய மூன்று தீவுகளும் சூறாவளிகளின் வழக்கமான பாதைக்கு வெளியே இருக்கின்றன.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். மழையளவை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், காற்றைப் பாருங்கள். வெப்பமண்டல மழை பல இடங்களில் பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதனால் விடுமுறை கெடுவதில்லை. கரையை நோக்கி நாள் முழுக்க அடிக்கும் காற்றுதான் கெடுக்கும். நீர் கலங்கும், படகு நிற்கும், பவளப்பாறையைப் பார்க்க முகமூடி போட்டு இறங்கினால் மண்தான் தெரியும். பாலியின் மேற்குக் கரையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் காற்று பிளாஸ்டிக் குப்பையையும் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும்.

இனி காசு விஷயம். உச்ச சீசனின் நடுவில் போகாமல் அதன் ஓரங்களில் போங்கள். சீசன் தொடங்கும் முதல் மூன்று வாரங்கள், முடியும் கடைசி மூன்று வாரங்கள். கடல் ஏறக்குறைய அதே கடல்தான், அறை வாடகை மட்டும் இறங்கியிருக்கும், பேரம் பேசவும் இடமிருக்கும். கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் ஒட்டிய பத்து நாட்களை எப்பாடுபட்டாவது தவிர்த்துவிடுங்கள். தென்கிழக்கு ஆசியாவென்றால் சீனப் புத்தாண்டு வாரமும் அப்படித்தான். பயணத்தை ஒரே வாரம் தள்ளிப்போட முடிந்தாலும் வித்தியாசம் தெரியும்.

ஆசைப்படும் இடம் திறந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் ஒவ்வோர் ஆண்டும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்படும். கூட்டத்தால் சீரழிந்து 2018இல் மூடப்பட்ட அதே நாட்டின் மாயா விரிகுடா, 2022 ஜனவரியில் மறுபடி திறக்கப்பட்டது. இருந்தாலும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் அதற்கு ஓய்வு கொடுக்கிறார்கள்.

விமானம் இறங்கிய பிறகு வரும் செலவு

மலிவான விமான டிக்கெட் கண்ணைக் கட்டிவிடும். விமான நிலையத்திலிருந்து மணலில் கால் வைக்கும் வரை உள்ள தூரத்துக்கு ஆகும் செலவை யாரும் கூட்டுவதில்லை. டாக்சி, பேருந்து, படகுத்துறை, படகு, மறுபடி ஒரு வண்டி. திரும்பும்போதும் இதே வரிசை. நான்கு பேர் போனால் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவதையெல்லாம் எட்டால் பெருக்க வேண்டும்.

மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். அங்கே போவது பணக்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. 2009இல் விதிகள் தளர்ந்த பிறகு, மக்கள் வசிக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டன. தலைநகர் மாலேயிலிருந்து விரைவுப் படகில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மாஃபுஷி போன்ற தீவுகளில் நடுத்தரச் செலவில் தங்கலாம். தூரத்து ரிசார்ட்டுக்குக் கடல் விமானத்தில் போனால், அந்தப் போக்குவரத்துக் கட்டணத்திலேயே விருந்தினர் இல்லத்தில் பல இரவுகள் தங்கிவிடலாம். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும் என்பதால், மாலையில் வந்து இறங்குகிறவர்களுக்கு மாலேயில் ஓர் இரவு வாடகை கூடுதல். சரி, விருந்தினர் இல்லம் என்றால் அந்த ஊர் வழக்கத்துக்கும் உட்பட வேண்டும்: அந்தத் தீவுகளில் மது கிடையாது, நீச்சலுடையில் குளிக்கத் தனியாக ஒதுக்கிய கரைகளுக்குத்தான் போக வேண்டும். இது சரிப்படாது என்பவர்கள் வேறு நாட்டைப் பார்ப்பது நல்லது.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு கட்டமாக எழுதுங்கள்: எந்த வண்டி, ஒருவருக்கு எவ்வளவு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். தீவுகளுக்குப் போகும் பயணப் படகுகள் பல பிற்பகலோடு நின்றுவிடும். மாலை ஐந்துக்கு இறங்கும் விமானம் காலை ஒன்பதுக்கு இறங்குவதைவிட மலிவாக இருக்கலாம். ஆனால் படகைத் தவறவிட்டால் துறைமுக ஊரில் ஓர் அறை எடுக்க வேண்டிவரும், மிச்சம் பிடித்தது அதற்கே சரியாகிவிடும்.

மலிவு விலை விமானங்களில் பெட்டிக்குத் தனிக் கட்டணம், அதையும் எழுதுங்கள். கைப்பை 7 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது பல நிறுவனங்களின் விதி, வாசலில் நிறுத்தி எடை போட்டும் பார்ப்பார்கள். இரண்டு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டாக எடுத்துச் சேர்க்கிறீர்கள் என்றால், முதலாவது தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நடுவில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் விடுங்கள்.

முதல் பயணத்துக்கு என் யோசனை, படகே வேண்டாம். விமான நிலையத்திலிருந்து சாலை வழியாகப் போய்விடக்கூடிய கரையைத் தேர்ந்தெடுங்கள். டா நாங்கின் மி கே கடற்கரை விமான நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். பாலியில் சனூரும் பக்கம். தீவுக்குள் தீவு என்று போவதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாள், எத்தனை இடம்

போகவர ஆகும் செலவு நான்கு நாள் தங்கினாலும் பத்து நாள் தங்கினாலும் ஒன்றுதான். அதைத் தங்கும் இரவுகளால் வகுத்துப் பாருங்கள். தூரமான, ஆனால் அன்றாடச் செலவு குறைந்த நாட்டில் ஒன்பது இரவு தங்குவதும், பக்கத்திலிருக்கும் விலை உயர்ந்த தீவில் ஐந்து இரவு தங்குவதும் சில நேரம் மொத்தத்தில் சமமாக வரும்.

இடங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு வாரத்தில் மூன்று தீவு என்று திட்டம் போட்டால், அதில் இரண்டு நாள் பெட்டி கட்டுவதிலும் படகுக்குக் காத்திருப்பதிலும் போய்விடும். ஒரே இடத்தில் ஏழு இரவு என்றால் வாரக் கணக்கில் வாடகை பேசலாம், எந்தக் கடையில் என்ன விலை என்பது மூன்றாம் நாளே புரிந்துவிடும், அதன்பிறகு யாரும் கூடுதலாக வாங்க முடியாது.

அறை: கடலிலிருந்து ஒரு தெரு தள்ளி

கடலைப் பார்த்த அறைக்கு நாம் கொடுப்பது ஜன்னலுக்கான வாடகை. பகலெல்லாம் கரையில்தான் இருக்கப்போகிறோம். அறையில் இருக்கும்போது இருட்டிவிடும், ஏனென்றால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், அந்தி என்று நீண்ட நேரம் இருக்காது. பல இடங்களில் ஆறரை, ஏழுக்கெல்லாம் கடல் வெறும் கறுப்பு. ஆகவே இரண்டாவது தெரு அல்லது மூன்றாவது தெருவில், பத்து நிமிட நடைக்குள் பாருங்கள். நடக்க வேண்டிய வழி உண்மையில் இருக்கிறதா என்பதை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். நேர்கோட்டில் 300 மீட்டர் என்பார்கள், நடுவில் ஒரு ரிசார்ட்டின் மதில் இருக்கும். மெக்சிகோ போன்ற நாடுகளில் கடற்கரை சட்டப்படி பொதுச் சொத்து. ஆனால் அங்கே போய்ச் சேரும் பாதையைக் கண்டுபிடிப்பது நம் பாடு.

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து கரையையும் பாருங்கள். ஓரமாகக் கருமையான திட்டுகள் தெரிந்தால் பெரும்பாலும் பாறை அல்லது கடற்புல், குளிப்பதற்கு அவ்வளவு சுகமில்லை. தூரத்தில் வெள்ளைக் கோடாக அலை உடைந்தால் அங்கே பவளத் திட்டு, அதற்கு உட்பக்கம் நீர் அமைதியாக இருக்கும்.

ஏற்ற வற்றத்தைப் பற்றிப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை. சான்சிபாரின் கிழக்குக் கரையில், பாஜே, ஜம்பியானி பக்கம், வற்றத்தின்போது கடல் பல நூறு மீட்டர் பின்வாங்கிவிடும். படத்தில் நீலமாகத் தெரிந்த இடத்தில் சேறும் கடற்பாசித் தோட்டமும் கிடக்கும். அழகுதான், ஆனால் நீந்த முடியாது. வடக்கே நுங்வியில் இந்தத் தொல்லை குறைவு. ஏற்ற வற்றத்துக்கான அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேறுபாடு மிக அதிகம். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதைப் பார்த்துவிட்டுப் போனால் எந்த நாள் காலையில் குளிக்கலாம், எந்த நாள் மதியம் என்பது வீட்டிலிருந்தே தெரியும்.

விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். நீங்கள் போகும் அதே மாதத்தில் போன ஆண்டு தங்கியவர் என்ன எழுதியிருக்கிறார் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். பக்கத்தில் கட்டட வேலை, இரவு முழுக்கப் பாட்டு, தண்ணீர் வரவில்லை என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் நம்பலாம்.

சீசனின் ஓரத்தில் போகிறீர்கள் என்றால் முதல் இரண்டு மூன்று இரவுகளுக்கு மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, அங்கே போய் நேரில் பார்த்து மீதி நாட்களுக்குப் பேசுவது லாபம். உச்ச சீசனில் இதைச் செய்யாதீர்கள், தெருவில் நிற்க வேண்டிவரும். குடும்பமாகப் போனால் ஒரு சின்ன அடுப்பும் குளிர்ப்பெட்டியும் உள்ள இடம் பாருங்கள். காலை உணவும் குடிநீரும் அறையிலேயே முடிந்தால் செலவு நன்றாகவே குறையும்.

தாள்களும் பணமும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இந்தோனேசியா, மலேசியா உட்படப் பல நாடுகளில் அப்படித்தான். பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் திரும்பும் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்கள், கைப்பேசியில் இருந்தால் போதாது என்று நினைத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். விசா விவரத்தை அந்த நாட்டின் அரசுத் தளத்தில் மட்டும் பாருங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் வாங்கும் தளங்கள் நிறைய உண்டு.

கடையிலோ ஏடிஎம்மிலோ ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?’ என்று திரை கேட்டால், வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் நமக்குச் சாதகமாக இருக்காது. ஏடிஎம் கட்டணம் ஒவ்வொரு தடவைக்கும் என்றால், அடிக்கடி கொஞ்சமாக எடுக்காமல் ஒரே தடவையாக எடுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்காமல் மிச்சம் பிடிக்காதீர்கள். தீவிலிருந்து ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவர ஆகும் செலவு மொத்தப் பயணச் செலவையும் தாண்டிவிடும்.

போய்ச் சேர்ந்த பிறகு

வாடகை ஸ்கூட்டர்தான் கடற்கரை ஊர்களில் மலிவான வண்டி. அதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த நாட்டில் செல்லக்கூடிய இருசக்கர வாகன உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. உரிமம் இருந்தாலும், வண்டியை எடுக்கும் முன் நான்கு பக்கமும் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை, பழைய கீறலுக்கு என்னிடம் பணம் கேட்டார்கள். எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டியதும் பேச்சு முடிந்தது. பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், முன்பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

படகுச் சுற்றுலாவை அறையிலிருந்தே முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டாம். கரையில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தால் விலை தெரியும், கடல் எப்படி இருக்கிறது என்பதும் தெரியும். எத்தனை பேர் ஏறுவார்கள், உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் உண்டா, பூங்கா நுழைவுக் கட்டணம் சேர்த்தா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காதவர்கள் தீவில் இறங்கும்போது தனியாகக் கட்டுவார்கள். நீருக்குள் பார்க்கும் முகமூடியும் மூச்சு விடும் குழாயும் தினம் வாடகைக்கு எடுக்காமல் ஒரு செட் சொந்தமாக வாங்கிக்கொண்டால் நாலைந்து நாளில் காசு தேறிவிடும், அடுத்தவர் வாயில் வைத்ததை நாம் வைக்கவும் வேண்டாம்.

வெயிலுக்குக் களிம்பைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. ஒரு தடவை வாங்கினால் பல ஆண்டு வரும். களிம்பு வாங்குவதானால் அதிலுள்ள பொருட்களைப் படியுங்கள்: பவளத்தைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றை பலாவ் நாடு 2020இலும், தாய்லாந்து தன் தேசியப் பூங்காக்களில் 2021இலும் தடை செய்துவிட்டன. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், அதிலும் விடிந்ததும் பொழுது சாய்வதற்கு முன்னும். ராத்திரி வலை மட்டும் போதாது.

கடலுக்குள் இறங்கும் முன்

பத்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கலங்கிய நிறத்தில் அமைதியாகத் தெரிந்தால், புதியவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த நீர் திரும்பிக் கடலுக்கு ஓடும் வழி அது, ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நல்ல நீச்சல்காரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்துங்கள்; முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரையை நோக்கி வாருங்கள். பாதுகாவலர் இருக்கும் இடங்களில் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவில் குளியுங்கள். தனிச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது.

கொடிய விஷமுள்ள பெட்டி ஜெல்லி மீன் உலவும் கரைகள் பலவற்றில் எச்சரிக்கைப் பலகையும் பக்கத்தில் வினிகர் பாட்டிலும் வைத்திருப்பார்கள். பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல் வினிகரை ஊற்றி உடனே ஆட்களைக் கூப்பிடுங்கள்.

திரும்பும் நாளுக்கு வருவோம். தீவில் தங்கியிருந்தால், விமானம் ஏறும் அன்று காலைப் படகை நம்பாமல் முந்தைய நாளே பெருநிலத்துக்கு வந்துவிடுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண அறை போதும். அந்த ஓர் இரவு வாடகையை ஆரம்பத்தில் எழுதிய தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.